பாடுவது யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் சிலர் கூடி எழுபதுகள், எண்பதுகளின் ராக் பாடல்களைக் கேட்போம். கேட்டு முடித்ததும் விவாதம் ஆரம்பித்துவிடும். போன வாரம் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. அது சாத்தானை வழிபடும் சபையைப் பற்றியது என்றான் ஒருவன். மனநல மருத்துவமனையைப் பற்றியது என்றான் இன்னொருவன். மூன்றாமவன், எல்லாம் போதைப்பொருள்தான் என்றான். எழுதியவர் சொன்னதுதான் அர்த்தம், மற்றதெல்லாம் கட்டுக்கதை என்று கடைசியில் ஒருவன் அடித்துப் பேசினான்.

இன்னொரு விஷயம். ஒரு நண்பன் தன் அக்காவின் கல்யாண வரவேற்பில் தி போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ பாடலைப் போட்டான். ஒரு பெண்ணை விடாமல் கண்காணிக்கிறவனின் பாட்டு அது என்று பிறகு யாரோ சொல்ல, நொந்துபோய்விட்டான். அவன் கேட்ட விதம் தப்பா? நமக்கு முதலில் இசைதான் காதில் விழுகிறது, வரிகள் பிடிபட வருஷங்கள் ஆகின்றன. அப்படிக் கேட்கிறவர்கள் இந்தப் பாடல்களின் பொருளைப் பற்றிப் பேசலாமா? பேசினால் யார் சொல்லும் பொருள் சரி?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வரிகள் காதில் சரியாக விழாமல் போவது நமக்கு மட்டும் நேர்வதில்லை. 1963ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு ‘லூயி லூயி’ பாடலைப் பதிவுசெய்தது. மைக் உயரத்தில் தொங்கியதால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்திப் பாடவேண்டியிருந்தது. சொற்கள் குழறின. குழறிய இடங்களையெல்லாம் கேட்டவர்கள் ஆபாசத்தால் நிரப்பிக்கொண்டார்கள். பெற்றோர் புகார் எழுதினார்கள், எஃப்பிஐ விசாரணையே நடந்தது. இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் ஓட்டிக் கேட்டும் சொற்கள் புரியவில்லை என்று முடிவெழுதினார்கள். எல்லோரும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். ரிச்சர்ட் பெர்ரி ஐம்பதுகளில் எழுதிய மூலப் பாட்டில் ஆபாசம் எதுவும் கிடையாது. கடலுக்கு அப்பால் இருக்கும் காதலியிடம் போகத் துடிக்கும் மாலுமி ஒருவன் மதுக்கடைக்காரரிடம் தன் ஏக்கத்தைச் சொல்கிறான். அந்தக் கடைக்காரரின் பெயர்தான் லூயி.

சொல்கிறவன் மாலுமி, கேட்கிறவர் லூயி. இந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டால் பாட்டு தானே விளங்கிவிடுகிறது. உங்கள் நண்பர்கள் ‘இது எதைப் பற்றியது’ என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ‘இதை யார், யாரிடம் சொல்கிறார்’ என்று கேட்கவேண்டும் என்பது என் கட்சி. நமக்குப் பழகிய கேள்விதான் இது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர் இரண்டையும் செய்யுள் உறுப்புகளாகவே எண்ணுகிறது. குறுந்தொகையைப் புரட்டினால் பாட்டுக்குப் பாட்டு தலைவி கூற்று, தோழி கூற்று என்ற குறிப்பு இருக்கும். தலைவியின் குரலில் கபிலர் பாடினால் நாம் கபிலரின் சொந்தக் கதையைத் தேடுவதில்லை. ராக் பாடல்களுக்கு அந்தக் குறிப்பு இல்லை. பெரும்பாலும் எழுதியவரே பாடுகிறார், மேடையிலும் அவரே நிற்கிறார். ‘நான்’ என்று அவர் தொடங்கியதும் அதை அவருடைய வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறோம். சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

சாத்தானைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதால் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிம்பதி ஃபார் தி டெவில்’ நினைவுக்கு வருகிறது. 1968ல் வந்த பாட்டு. ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரிட்டாவும்’ நாவலின் சாயல் அதில் உண்டு. அதில் பேசுகிறவன் சாத்தானேதான். செல்வமும் ரசனையும் உள்ள கனவானாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, வரலாற்றின் கொடூரமான தருணங்களிலெல்லாம் தான் உடனிருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். கென்னடியைக் கொன்றது யார் என்று முதலில் ஒருமையில்தான் எழுதியிருந்தார்கள். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த ஜூன் மாத நாட்களில் அவருடைய தம்பி ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார். வரி பன்மையானது. அதற்குச் சாத்தான் சொல்லும் பதில்: நீங்களும் நானும்தான். பாடகர் மிக் ஜாகரின் கருத்தாக எடுத்துக்கொண்டால் இது யாரும் சொல்லக்கூடிய ஒரு கண்டனம். சாத்தானின் வாயிலிருந்து வரும்போது அவன் நம் தோளில் கைபோட்டுக் கூட்டாளியாக்கிக்கொள்கிறான். அந்த வரியின் திகில் முழுக்கச் சொல்கிறவன் யார் என்பதில்தான் இருக்கிறது. சாத்தான் வழிபாடு என்று குற்றம்சாட்டியவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. 1976 டிசம்பரில் வந்தது. இசையின் முதல் வடிவம் டான் ஃபெல்டருடையது, வரிகளில் பெரும்பங்கு டான் ஹென்லியுடையது, க்ளென் ஃப்ரைக்கும் பங்குண்டு. சாத்தான் சபைக்கும் மருத்துவமனைக்கும் பாட்டில் ஆதாரம் கிடையாது. வெகுளித்தனத்திலிருந்து அனுபவத்துக்குப் போகும் பயணம் என்று ஹென்லி பலமுறை சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸின் பணமும் புகழும் போதையும் மனிதர்களை என்ன செய்தன என்பதை அந்தக் குழுவினர் உள்ளேயிருந்து பார்த்தவர்கள். ஆகவே போதைப்பொருள் என்ற நண்பர் முழுக்கத் தவறில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பாட்டு கையைவிட்டு நழுவிவிடும்.

ஒரு வரியைப் பாருங்கள். இரவில் அந்த விடுதிக்கு வந்து சேர்ந்த பயணி ஒயின் கேட்கிறான். 1969க்குப் பிறகு அது எங்களிடம் இல்லை என்கிறார் விடுதிக்காரர். அவர் சொல்வது ‘ஸ்பிரிட்’ என்ற சொல். மதுவைச் சொல்வதுபோல உயிர்ப்பையும் சேர்த்துச் சொல்கிறார். ஏன் அந்த வருடம்? ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைத் திருவிழா, அதே ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் மேன்சன் கும்பலின் கொலைகள். டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்டில் நடந்த இலவச இசைநிகழ்ச்சியில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் இளைஞன் குத்திக் கொல்லப்பட்டான். அன்பால் உலகை மாற்றிவிடலாம் என்று நம்பிய ஒரு தலைமுறை அந்த வருடத்தின் முடிவில் தன் நம்பிக்கையை இழந்தது. ஏழு வருடம் கழித்து இந்தப் பாட்டைக் கேட்ட அமெரிக்கருக்கு அந்த எண் ஒன்றே போதும்.

நான் இன்னும் முக்கியமாக நினைப்பது பாட்டின் முடிவை. கதையைச் சொல்கிறவன் பயணி, இறந்தகாலத்தில் சொல்கிறான். ஆனால் கடைசிச் சொல் அவனுடையதில்லை. வாசலை நோக்கி ஓடுகிறவனிடம் இரவுக் காவலர் சொல்கிறார்: எப்போது வேண்டுமானாலும் கணக்கை முடித்துக்கொள்ளலாம், ஆனால் இங்கிருந்து போகமுடியாது. பயணி என்ன பதில் சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை. ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரை எடுக்கிறார்கள். மாறி மாறி வாசித்து, பிறகு இருவரும் இணைந்து ஒரே சுழற்சியில் இறங்கி இறங்கி, தேயும்வரை வாசிக்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கும் மேல். அவன் தப்பித்தானா இல்லையா என்பதற்கு அந்த வாசிப்பு மட்டும்தான் விடை. திரும்பத் திரும்ப அதே ஸ்வரக்கூட்டுகளின் வரிசைக்குள் சுற்றுவதால், தப்பிக்கவில்லை என்றே நான் கேட்கிறேன். வார்த்தை ஒன்றும் புரியாமல் இந்த இடத்தில் உறைந்துபோகிறவர் பாட்டைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

உங்கள் கல்யாண வரவேற்பு நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பாடலை தி போலீஸ் குழுவின் பாடகர் ஸ்டிங் 1982ல் ஜமைக்காவில் தங்கியிருந்தபோது எழுதினார். அவருடைய முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்த காலம். ஆறுதலான காதல் பாட்டுபோல ஒலிக்கிறது, அது எவ்வளவு அச்சமூட்டுவது என்று எழுதும்போது எனக்கே புரியவில்லை என்று அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கே பிறகுதான் உறைத்தது என்றால், உங்கள் நண்பர் எதற்கு வெட்கப்படவேண்டும்? ஆண்டி சம்மர்ஸின் கிட்டார் சீராக, மென்மையாக நடக்கிறது. குரலில் கெஞ்சல் இருக்கிறது. ஆனால் வரிகளைத் தனியே எழுதிப் படித்தால் ஒரு கண்காணிப்புப் பட்டியல் கிடைக்கும். உன் ஒவ்வொரு மூச்சு, ஒவ்வொரு அசைவு, ஒவ்வொரு பொய்ச் சிரிப்பு. நீ எனக்குச் சொந்தம் என்கிறான். காதல் என்ற சொல் பாட்டில் ஓரிடத்திலும் வருவதில்லை. அவனைக் கேட்டால் இதுதான் காதல் என்பான். தான் பயமுறுத்துகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, அதனால்தான் இசையும் இவ்வளவு இனிமையாக இருக்கமுடிகிறது. விலகிப்போன பெண்ணின் காதால் இதைக் கேட்டுப் பாருங்கள், வேறு பாட்டாகிவிடும்.

இசையும் வரியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிற பாடல்களில் எனக்கு மிகப் பெரியது ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யூஎஸ்ஏ’. 1984ல் வெளிவந்தது. ராய் பிட்டனின் சிந்தசைசர் ஒரே சின்ன மெட்டைக் கொடி ஏற்றுகிற தோரணையில் வாசிக்கிறது, மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம் இடிக்கிறது. மைதானம் முழுக்க முஷ்டியை உயர்த்திப் பல்லவியைக் கத்துகிறது. தேசபக்திப் பாட்டு என்று பலர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

சரணங்களில் பேசுகிறவன் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய். அடிபட்டு அடிபட்டு ஒடுங்கிப்போன நாயாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். ஊரில் ஏதோ வம்பில் மாட்டினான், கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான். என் கையில் என்ன இருக்கிறது தம்பி என்கிறார் ஆள் எடுப்பவர். முன்னாள் படைவீரர் அலுவலகத்திலும் கைவிரிக்கிறார்கள். பிறகு கே சான் வருகிறது. 1968ல் அமெரிக்கப் படை பல வாரங்கள் முற்றுகையில் கிடந்த இடம். என் சகோதரன் அங்கே சண்டையிட்டான், எதிரிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவன்தான் இல்லை என்கிறான்.

இந்த இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் சரணத்தில் நாலு வரி இருந்தது. இங்கே மூன்று வரியோடு நிற்கிறது. நாலாவது வரி வரவேண்டிய இடத்தில் இசை மட்டும் நடக்கிறது. பல்லவியும் வருவதில்லை. அடுத்து, சைகோனில் அவன் ஒருத்தியைக் காதலித்தான், அவள் அணைப்பில் அவன் இருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்கிறான். அங்கும் மீதி வரிகள் இல்லை. அவ்வளவு கத்துகிற ஒருவன் சகோதரனைப் பற்றி மட்டும் பேசிமுடிக்காமல் விட்டுவிடுகிறான்.

இதற்குப் பிறகு பல்லவி திரும்ப வரும்போது அது வேறாகக் கேட்கும். நான் இங்கே பிறந்தவன், எனக்குச் செய்யவேண்டியதை ஏன் செய்யவில்லை என்று கேட்கிறான். பிறந்தேன் என்பது ஒன்றைத்தான் அவனிடமிருந்து யாரும் பறிக்கமுடியாது. ஆக அதில் பெருமையும் இருக்கிறது. பெருமையே இல்லை, வெறும் கசப்பு என்று சொல்கிறவர்களோடும் நான் உடன்படமாட்டேன். உரிமை உள்ளவனுக்குத்தான் அந்த அளவு கோபம் வரும்.

அந்த வருடம் தேர்தல். செப்டம்பர் 19 அன்று ஜனாதிபதி ரேகன் நியூ ஜெர்சியின் ஹாமன்டனில் பேசும்போது, ஸ்ப்ரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கையின் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். இந்தப் பாட்டை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, கதை அப்படி வளர்ந்துவிட்டது. சில நாட்களில் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்ப்ரிங்ஸ்டீன், ஜனாதிபதிக்கு என் ஆல்பங்களில் எது பிடிக்குமோ, ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்று சொல்லிவிட்டு, அந்த ஆல்பத்திலுள்ள ‘ஜானி 99’ பாடலைப் பாடினார். கார் தொழிற்சாலை மூடப்பட்டு வேலையிழந்து, குடித்துவிட்டு ஒருவரைச் சுட்டு, 99 வருடம் சிறைத்தண்டனை பெறுகிறவனின் கதை அது. அந்தத் தொழிற்சாலை இருந்ததாகப் பாட்டில் வரும் மாவா, ரேகன் பேசிய அதே நியூ ஜெர்சியில் உள்ள ஊர்.

எழுதியவர் சொன்னதே முடிவு என்ற நண்பருக்கு: எழுதியவரின் பேச்சு வலுவான சாட்சி, அதைக் கேட்டாகவேண்டும். ஆனால் ஸ்டிங்கின் கதையைப் பார்த்தீர்கள். 1967ல் ஜான் லெனன், தான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் பீட்டில்ஸ் வரிகளுக்குப் பொருள் சொல்லித்தருகிறார் என்று ஒரு மாணவனின் கடிதத்தில் படித்து, யாரும் பொருள் காணமுடியாதபடி வேண்டுமென்றே ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ பாட்டைக் குழப்பி எழுதினார். அங்கே போய் ரகசியச் சாவி தேடுவது வீண் வேலை. ஒரு வாசிப்பு நிற்குமா என்று நான் பார்ப்பது இரண்டு விதத்தில்தான். பாட்டின் எல்லா வரிகளையும் அது தாங்குகிறதா? இசையையும் கணக்கில் எடுக்கிறதா? பல்லவியை மட்டும் கேட்ட தேசபக்தர்களின் வாசிப்பு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். வரிகளை மட்டும் படித்துவிட்டு அந்த டிரம்மை மறந்துவிடுகிறவர்களின் வாசிப்பு இரண்டாவதில்.

அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு யோசனை. ‘பார்ன் இன் தி யூஎஸ்ஏ’ பாடலை ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982ல் தன் வீட்டில் தனியாக கிட்டார் வாசித்து கேசட்டில் பதிந்திருந்தார். 1998ல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் அது வெளிவந்தது. முதலில் அதைப் போடுங்கள், பிறகு 1984ன் வடிவத்தைப் போடுங்கள். எது ‘சரியான’ வடிவம் என்று விவாதியுங்கள். எனக்கு இரண்டாவதுதான். அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் யாருக்கும் கேட்காமல் போகிற ஒருவனின் கதை என்பதால், ஆரவாரம் தேவை.

மற்றது ராண்டி நியூமனின் ‘செயில் அவே’, 1972. யார் பேசுகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். வயலின்கள் அலையலையாக எழும், அமெரிக்காவின் அருமை பெருமைகள் வரும், வயிற்றுக்குச் சாப்பாடு, காட்டில் ஓடிக் கால் தேயவேண்டாம், கடல் தாண்டி சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வா என்று ஒருவன் அன்போடு அழைப்பான். அவன் ஆப்பிரிக்கக் கரையில் நிற்கும் அடிமை வியாபாரி. பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை. உங்கள் நண்பர்களுக்கு எந்த வரியில் அது பிடிபட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்