'வெறும்' சடங்கு

கேள்வி: 2022-23 பருவத்தில் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீகின் 82 ஆட்டங்களில் 65ஐ வென்று சாதனை படைத்த பாஸ்டன் புரூயின்ஸ் அணி, பருவத்துக்குப் பின் முன்னணி அணிகள் மோதும் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே ஃபுளோரிடா பாந்தர்ஸிடம் தோற்று வெளியேறியது. அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்படியானால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆடிய 82 ஆட்டங்களும் வெறும் சடங்குதானா?
— ஒரு வாசகர், ஸ்காபரோ, கனடா (பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: பெயரை வெளியிடவில்லை, வெளியிட்டால் அக்கம்பக்கத்தில் உங்களுக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். பிளே-ஆஃபை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை 1967க்குப் பிறகு வெல்லாத மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக ஒவ்வோர் ஏப்ரலிலும் நம்பிக்கையைத் தூசி தட்டி எடுக்கும் டொராண்டோ நகரில் குடியிருந்துகொண்டு, அந்த அணியைப் பலமுறை அழவைத்த பாஸ்டனுக்காகக் கண்ணீர் விடுகிறவர், பெயரை மட்டுமல்ல, கையெழுத்தையும் மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய சொல் 'வெறும்'. ஒன்றின் மதிப்பைக் குறைக்க நினைக்கும் வாசகர்கள் காரணம் சொல்லச் சோம்பி, அதன் முன்னால் இந்தச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாகப் புலம்பிவருகிறேன். வெறும் வயிறு உண்டு, வெறுங்கை உண்டு. வெறும் சடங்கு என்று ஒன்று கிடையாது. முகூர்த்த நேரத்தில் மணமேடைக்கு ஏறி, "தாலி கட்டுவது வெறும் சடங்குதானே, சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிக்கொள்ளலாம், இலை போட்டாயிற்று" என்று மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பிப் பாருங்கள். 'வெறும்' என்ற சொல்லின் பொருளைப் பெண் வீட்டார் உங்களுக்கு விளக்குவார்கள்.

அதிலும், ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேசும்போது சடங்கை இழித்துச் சொல்வது பெரும் துணிச்சல். (இதைப் 'பனி வளைகோற்பந்து' என்று எழுதாததற்காக என்னைக் கடிந்து எழுதும் பேராசிரியர் இம்முறையும் மன்னிக்க வேண்டும், அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கோல் விழுந்துவிடுகிறது.) பிளே-ஆஃப் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் சவரக் கத்தியைத் தொடுவதில்லை, 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் வீரர்கள் வளர்த்த அந்த வேண்டுதல் தாடியை இன்று எல்லா அணிகளும் வளர்க்கின்றன. மூன்றாம் சுற்றை வென்று லீகின் கிழக்குப் பிரிவுக்கோ மேற்குப் பிரிவுக்கோ உரிய கோப்பையைப் பெறும் அணித்தலைவர்களில் பலர், அதைத் தொட்டால் பெரிய கோப்பை கைநழுவிவிடும் என்று அஞ்சி, அதன் அருகில் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். டெட்ராய்டில், 1952இல், மீன் கடை நடத்திய சகோதரர்கள் இருவர், நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸ் ஒன்றைப் பனித்தளத்தின் மேல் வீசினார்கள். அப்போது கோப்பையை வெல்ல எட்டு வெற்றிகள் போதும் என்பதால், ஒரு கைக்கு ஒரு வெற்றி என்பது அவர்கள் கணக்கு. ரெட் விங்ஸ் அணியும் அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் எட்டையும் வென்றுவிட்டது. இப்போது நான்கு சுற்றுகளுக்கும் சேர்த்துப் பதினாறு வெற்றிகள் வேண்டும். கணக்குப்படி இரண்டு கணவாய் வீச வேண்டும். பழைய சடங்கைத் திருத்துவதில் எங்கேயும் சிக்கல்தான்.

இனி உங்கள் 82 ஆட்டங்களுக்கு வருகிறேன். அவை எதையும் தீர்மானிக்கவில்லை என்கிறீர்கள். ஆனால் பாஸ்டனை வீழ்த்தப்போவது யார் என்பதையே அவைதான் தீர்மானித்தன. அந்த ஆண்டு கிழக்குப் பிரிவில், முதல் சுற்றில் பாஸ்டனைச் சந்திக்கும் பிளே-ஆஃபின் கடைசி இடத்துக்கு ஃபுளோரிடாவும் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸும் மோதிக்கொண்டிருந்தன. பதினாறு பருவங்கள் இடைவிடாமல் பிளே-ஆஃப் கண்டிருந்த பிட்ஸ்பர்க், தன் 81ஆவது ஆட்டத்தில், பட்டியலின் அடித்தட்டில் கிடந்த சிகாகோ பிளாக்ஹாக்ஸிடம் சொந்த ஊரிலேயே தோற்றது. முடிவில் ஃபுளோரிடா 92 புள்ளிகள், பிட்ஸ்பர்க் 91; ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி. அந்த ஒரே ஒரு ஆட்டத்தை பிட்ஸ்பர்க் வென்றிருந்தால், மற்றவை அனைத்தும் நடந்தபடியே நடந்திருந்தாலும், ஃபுளோரிடா வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்திருக்கும்; நீங்களும் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். (தோற்றால்தான் லாபம் என்ற நிலையிலும் வென்று தொலைத்த சிகாகோ, புது வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக அடுத்த மாதம் நடந்த, கீழே இருக்கும் அணிகளுக்கே வாய்ப்பு அதிகமான குலுக்கலில் முதலிடம் பெற்று, கானர் பெடார்ட் என்ற இளைஞரை அழைத்துக்கொண்டு போனது வேறு கதை.)

சடங்கை வெறும் சடங்காகச் செய்தது உங்கள் அணிதான். எல்லாம் கைக்கு வந்துவிட்ட பிறகு, பாஸ்டனுக்கு எவ்விதத்திலும் தேவைப்படாத 82ஆவது ஆட்டத்தில், மான்ட்ரியாலில், தலைவர் பாட்ரிஸ் பெர்ஜரானும் இறங்கினார், காயம்பட்டு வெளியேறினார், ஃபுளோரிடாவுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரின் முதல் நான்கு ஆட்டங்களில் அவர் இல்லை. பாஸ்டன் அந்த நான்கில் மூன்றை வென்றது என்பதும், அவர் திரும்பிய பிறகு மூன்றிலும் தோற்றது என்பதும் விதியின் குசும்பு. அதைவிடக் கொடுமை, பருவம் முழுவதும் சொந்தத் தளத்தில் ஆடிய 41 ஆட்டங்களில், கூடுதல் நேரத் தோல்விகளையும் சேர்த்து ஏழே முறை தோற்ற அணி, இந்தத் தொடரில் சொந்தத் தளத்தில் ஆடிய நான்கில் மூன்றைப் பறிகொடுத்தது. 41 ஆட்டங்கள் சொன்ன உண்மையை நான்கு ஆட்டங்கள் பொய்யாக்கிவிடாது. பந்துக்குப் பதிலாக ஓடும் ஒரு ரப்பர் வில்லை ஒருவருடைய காலில் பட்டுத் திரும்பினாலே முடிவு மாறிவிடும் விளையாட்டில், எந்த அணி நல்ல அணி என்று தெரிந்துகொள்ள நீண்ட பருவத்தைத் தவிர வேறு தராசு இல்லை. 135 புள்ளிகள் பெற்ற பாஸ்டன்தான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த அணி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்கென்று ஒரு பரிசும் உண்டு. பிரசிடென்ட்ஸ் டிராஃபி என்ற அந்தப் பரிசை 1985-86 முதல் கொடுக்கிறார்கள். அதைப் பெற்ற அணியே ஸ்டான்லி கோப்பையையும் வென்றது 2025 வரை எட்டே முறை. கடைசி முறை 2013இல் சிகாகோ, அதுவும் இறுதிச் சுற்றில் பாஸ்டனைத் தோற்கடித்து. புண்ணில் உப்பு வைப்பதற்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் சிறந்த அணிக்கே கோப்பையைக் கொடுத்துவிடக் கூடாதா என்பீர்கள். கோப்பை லீகைவிட மூத்தது என்பதை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் பத்து கினி (அந்நாளைய பிரிட்டிஷ் பணம்) கொடுத்து ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கினார். 1893இல் அது முதன்முறையாக வழங்கப்பட்டது. லீக் பிறந்தது 1917இல். தொடக்கத்தில் கோப்பை, பருவத்தில் முதலிடம் பெறுவோருக்கு மட்டுமே உரிய பரிசாக இருக்கவில்லை, அறைகூவல் கோப்பையாக இருந்தது. வைத்திருப்பவனை, வல்லமை உண்டென்று நினைப்பவன் வந்து கூப்பிடலாம். அப்படித்தான் 1905 ஜனவரியில் யூக்கான் பகுதியின் டாசன் சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரிலிருந்து ஓர் அணி, நடந்தும், மிதிவண்டியிலும், நாய்ச்சறுக்கு வண்டியிலும், கப்பலிலும், ரயிலிலுமாக ஏறக்குறைய 4,000 மைல் பயணம் செய்து ஒட்டாவாவுக்கு வந்து சேர்ந்தது. முதல் ஆட்டத்தில் 9-2, இரண்டாம் ஆட்டத்தில் 23-2 என்று தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில் பதினான்கு கோல் போட்ட ஃபிராங்க் மெக்கீ என்பவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இன்னொரு கண்ணும் தெரிந்திருந்தால் டாசன் சிட்டிக்காரர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்க என்னால் இயலவில்லை. பிளே-ஆஃப் என்பது அந்த அறைகூவலின் பேரப்பிள்ளை. வந்து கூப்பிட்டவன் கீழே எத்தனையாவது இடத்தில் இருந்தான் என்று கோப்பை கேட்பதில்லை. 1938இல், 48 ஆட்டங்களில் 14ஐ மட்டுமே வென்றிருந்த சிகாகோவிடமும் அது முகம் சுளிக்காமல் போயிருக்கிறது.

கோப்பையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், வென்ற அணியின் பெயர்களை அதன் வளையங்களில் பொறிக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் என்னால் மேலே நகர முடியாது. இதே பக்கத்தில் ஒருமுறை 'கோப்பை' என்பது 'குப்பை' என்று அச்சாகி, "இந்தியா குப்பையை வென்றது" என்று வெளிவந்தபோது, மெய்ப்புப் பார்க்கத் தெரியாதவன் பத்திரிகை நடத்தலாமா என்று நான்கு பக்கக் கடிதம் எழுதிய நண்பர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அவர் ஸ்டான்லி கோப்பையைப் போய்ப் பார்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டு டொராண்டோவின் பெயரில் 'எஃப்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' விழுந்து மேப்பிள் லீஃப்ஸ் வேறெதுவோ ஆகிவிட்டது. 1981இல் ஐலண்டர்ஸ் ஓர் 'எஸ்'ஸைத் தொலைத்தது. 1972இல் உங்கள் பாஸ்டனின் இரண்டு 'ஓ'க்களுக்கும் வால் முளைத்து 'க்யூ' ஆகிவிட்டன. காகிதத்தில் நேர்ந்த என் பிழை மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. வெள்ளியில் நேர்ந்த பிழையை வெள்ளைக் கையுறை அணிந்த காவலர்கள் ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போகிறார்கள்.

பருவமும் பிளே-ஆஃபும் ஒரே தேர்வின் இரண்டு தாள்கள் அல்ல என்பதை அவற்றின் விதிகளே சொல்கின்றன. பருவத்தில் சமநிலையில் முடிந்தால் ஆளைக் குறைத்து, மூன்று பேருக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதிலும் தீராவிட்டால் ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரை நோக்கி அடிக்கவைத்துக் கணக்கை முடித்து, தோற்றவனுக்கும் ஆறுதலாக ஒரு புள்ளி கொடுத்து அனுப்புகிறார்கள். உண்மையில் நீங்கள் கோபப்பட வேண்டியது இந்த ஆறுதல் புள்ளியின் மேல்தான். தோல்விக்குக் கூலி கொடுக்கும் பருவம் தன் தராசில் தானே கல் கட்டிக்கொள்கிறது. பிளே-ஆஃபில் அந்தச் சலுகை இல்லை. கோல் விழும்வரை முழு அணியோடு இருபது நிமிடம் இருபது நிமிடமாக ஆட வேண்டும். 1936 மார்ச்சில் டெட்ராய்டும் மான்ட்ரியால் மரூன்ஸும் ஆடிய ஆட்டம் ஆறாவது கூடுதல் பகுதிவரை போய், மொத்தம் 176 நிமிடங்களுக்குப் பிறகு, நள்ளிரவு தாண்டி வெகுநேரம் கழித்து, ஒரே ஒரு கோலில் முடிந்தது. 1979-80இல் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், 21 அணிகளில் 16ஐ பிளே-ஆஃபுக்கு அனுப்பிய அந்த லீகின் பருவத்தைச் சடங்கு என்று ஒப்புக்கொண்டிருப்பேன். 'வெறும்' என்பதைக்கூடக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். இன்று 32இல் 16.

கடைசியாக, உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். என்னிடம் அவை பத்திரமாக இருக்கின்றன. 2010-11 பருவத்தில் 117 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தது வான்கூவர் கனக்ஸ். 103 புள்ளிகள் பெற்ற பாஸ்டன், இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், வான்கூவர் தளத்திலேயே 4-0 என்று வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த ஜூன் மாதம் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. சடங்கு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 2023இன் ஏழாவது ஆட்டத்தில், முடிய ஒரு நிமிடம் இருந்தபோது பிராண்டன் மான்டோர் சமன் செய்ததையும், கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி கதையை முடித்ததையும் அநியாயம் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் விரித்து எழுதியிருக்கிறீர்கள். 2013 மே மாதத்தில், இதே பாஸ்டன் தளத்தில், இன்னொரு ஏழாவது ஆட்டத்தில், மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னிலையில் இருந்த டொராண்டோவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் சமன் செய்தவரும், கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவரும் பெர்ஜரான். அன்றிரவு ஸ்காபரோவில், உங்கள் தெரு முழுவதும் துக்க வீடாக இருந்தபோது, உங்கள் சிரிப்பை எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பெயரை அப்போதும் வெளியிட மாட்டேன்.