கடிகாரத்தைப் பாருங்கள், பக்கத்திலேயே இருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, எனக்கு வலிப்பு நோய் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களால் மேசை நிறைந்துவிட்டது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் அல்ல. 13 வயதில் முதல் வலிப்பு வந்து, 46 ஆண்டுகளாக அதோடு வாழ்கிற, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. மருத்துவம் சார்ந்த பகுதிகளை என் நரம்பியல் மருத்துவரிடம் படித்துக் காட்டிவிட்டே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. பாடம் நடக்கும்போது ஒரு மாணவன் திடீரென்று விழுந்தான். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நாக்கைக் கடித்துக்கொள்வானே என்று நான் வாயில் கரண்டியை நுழைக்கப் பார்த்தேன். சற்று நேரத்தில் நின்றுவிட்டது. நாங்கள் செய்தது சரிதானா? இப்போது சில பெற்றோர் அவனை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்கிறார்கள்.

கரண்டிக்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதற்றத்தில், பிள்ளைக்கு நல்லது நினைத்துச் செய்தீர்கள். ஆனால் என் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. அதை உடைத்தது வலிப்பு அல்ல. இப்படி நல்லெண்ணத்தோடு ஒருவர் நுழைத்த கரண்டி. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபடலாம், சில நாட்களில் ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கினால் அது உயிருக்கே ஆபத்து. எனவே வாயில் எதையும் வைக்க வேண்டாம், விரலையும்தான்.

சாவி எப்படிப் பெயர் வாங்கியது தெரியுமா? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். யாராவது சாவியைத் தேடி எடுத்து, இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. மூளையில் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்சமிக்ஞைகளைப் பாய்ச்சுவதுதான் வலிப்பு. உள்ளங்கையில் இருக்கும் இரும்புக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

அடுத்த முறை முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பார்ப்பவருக்கு இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகத் தெரியும். மேசை, நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த துணியோ பையோ வையுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு தடைபடாது. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, அடிபட்டிருந்தாலோ, தண்ணீருக்குள் வலிப்பு வந்திருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, வாழ்வில் முதல்முறை என்றாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொன்று, இது எந்தக் கையேட்டிலும் முதலில் இருக்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன். வலிப்பில் சிறுநீர் பிரிந்துவிடலாம். இடுப்பில் ஒரு துணியைப் போடுங்கள். சுற்றி நிற்பவர்களை வெளியே அனுப்புங்கள். எனக்கு முதல் வலிப்பு வந்ததும் வகுப்பறையில்தான். கண் விழித்தபோது என்னைச் சுற்றி ஒரு வட்டம். உடல்வலி மறுநாள் போய்விட்டது. அந்த வட்டம் பல ஆண்டுகள் என்னோடு இருந்தது.

பெற்றோரிடம் சொல்லுங்கள்: இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவனை மாற்றினால், 'இவன் நம்மோடு இருக்கக் கூடாதவன்' என்ற பாடத்தை மீதிப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். நான் ஆசிரியையான பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளே என் வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிடுவேன்: "எனக்கு வலிப்பு வரலாம். வந்தால் ஒருவர் மணி பார்க்க வேண்டும், ஒருவர் தலைக்குப் பை வைக்க வேண்டும், ஒருவர் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். யார் யார்?" கைகள் போட்டி போட்டு உயரும். 31 ஆண்டுப் பணியில் இரண்டு முறை அவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். இரண்டாம் முறை நான் விழித்தபோது, 11 வயதுச் சிறுமி ஒருத்தி என் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஒரு நிமிஷம் நாற்பது வினாடி, டீச்சர்" என்றாள். அந்தப் பையனிடமும் அவன் வீட்டாரிடமும் கேட்டுவிட்டு, உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யுங்கள்.

மூன்று ஆண்டுகளாக எனக்கு வலிப்பே வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், தம்பி. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வலிப்பில்லாமல் இருந்தால் சிலருக்கு மருத்துவர்கள் மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பதுண்டு. அதையும் மாதக்கணக்கில், படிப்படியாகவே செய்வார்கள். வலிப்பின் வகை, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் பார்த்து அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு அது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 22 வயதில் எனக்கும் இதே எண்ணம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் விழுந்தேன். புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தூக்கம் கெடாமலும், ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பழக்கம் வேண்டவே வேண்டாம்.

என் மகளுக்கு 8 வயது. பேசிக்கொண்டே இருப்பவள் சில வினாடிகள் அப்படியே நின்றுவிடுகிறாள். கண் இமை மட்டும் துடிக்கிறது. பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடர்கிறாள். ஆசிரியை 'கனவு காண்கிறாள், கவனமே இல்லை' என்கிறார். திட்டிப் பார்த்தோம், பயனில்லை.

திட்டுவதை இன்றோடு நிறுத்திவிட்டு, குழந்தையை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் கீழே விழாமல், இழுக்காமல், இப்படிச் சில வினாடிகள் நினைவு அறுபட்டுத் திரும்பும் வலிப்பும் உண்டு. ஒரே நாளில் பத்து, இருபது, சிலருக்கு நூறு முறைகூட வரும். அத்தனை முறையும் பாடத்தில் ஒரு துண்டு குழந்தையின் காதில் விழாமல் போகிறது. பிறகு அவளை மந்தம் என்கிறோம். இ.இ.ஜி. எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல மருந்துகள் இருக்கின்றன. வளர வளர இது நின்றுபோகும் குழந்தைகள் நிறைய. அப்படி நிற்கும்போது கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் விவரிப்பைவிட அந்தப் பத்து வினாடி மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

வலிப்பு என்றால் விழுந்து துடிப்பது மட்டும்தான் என்று நாம் நினைப்பதால் தப்பிப்போகிறவை பல. சிலர் உதட்டைச் சப்புக்கொட்டுவார்கள், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் பதில் சொல்லாமல் எங்கோ நடப்பார்கள். போதையில் இருக்கிறார் என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தாதீர்கள். படிக்கட்டு, சாலைப் பக்கம் போகாமல் மெல்லத் திசைதிருப்பி, தெளியும்வரை கூடவே இருங்கள்.

எனக்கு 27 வயது. மாத்திரையில் வலிப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடுத்த ஆண்டு திருமணம். 'அவரிடம் மூச்சு விடாதே, எல்லாம் போய்விடும்' என்கிறார் அம்மா. எனக்குக் குழந்தை பிறக்குமா, அதற்கும் வருமா என்ற பயமும் இருக்கிறது.

மகளே, உன் அம்மாவை எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான். உன்னை இழந்துவிடக் கூடாது என்ற பயம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் நான் அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தவள். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

திருமணமாகி எட்டு மாதங்கள் மறைத்தேன். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து விழுங்குவேன். ஒரு பயணத்தில் அவர் கூடவே இருந்ததால் இரண்டு நாள் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் இரவு ரயிலில் வலிப்பு வந்தது. நான் சாகப்போகிறேன் என்று நினைத்து அவர் அந்தப் பெட்டி முழுக்க ஓடியிருக்கிறார். நினைவு திரும்பியபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எட்டு மாசம் தனியாவா இதைச் சுமந்தே?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் அப்படிப்பட்ட மனிதர். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேட்டதும் விலகிப்போகிறவரும் இருப்பார். அவர் திருமணத்துக்கு முன்பே விலகிவிடுவது நல்லது என்றுதான், இந்த வயதில், நான் நினைக்கிறேன். ஒளித்து விழுங்கும் மாத்திரை ஒருநாள் தவறும். நீ சொல்லிவிட்டால், அதை உனக்கு நினைவுபடுத்த வீட்டில் இன்னொருவர் இருப்பார்.

சொல்வதை நீயே சொல். அவரை அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டிப்போ. கேள்விகளை அவரே கேட்கட்டும்.

குழந்தையைப் பற்றி: வலிப்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன. எனக்கு இரண்டு மகன்கள். இருவருக்கும் வலிப்பு இல்லை. தாய்க்கு இருப்பதால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சற்றே கூடும், அவ்வளவுதான். வகையைப் பொறுத்து மாறும். ஆனால் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடு. வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். அதை உட்கொள்ளும் பெண்ணுக்கு, முடிந்தால் வேறு மருந்துக்கு முன்கூட்டியே மாற்றுவார்கள். ஃபோலிக் அமிலமும் கொடுப்பார்கள். கர்ப்பம் தெரிந்த பயத்தில் எந்த மாத்திரையையும் நீயாக நிறுத்திவிடாதே. அந்த நேரத்தில் வரும் வலிப்பு இருவருக்குமே ஆபத்து.

என்னிடம் வேலை பார்ப்பவர் தனக்கு வலிப்பு நோய் இருப்பதாகச் சொன்னார். அவருக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

உங்களிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். உயரத்தில் ஏறுவது, பாதுகாப்பு மூடியில்லாத இயந்திரம், வாகனம் ஓட்டுவது, நீர்நிலைக்கருகே தனியாக நிற்பது, இவற்றை அவருடைய வலிப்பு எந்த அளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இரவுப்பணி தூக்கத்தைக் கெடுக்கும், அதைத் தவிர்க்கலாம். மற்ற வேலைகளில் அவர் திறமைதான் அளவு. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ் வலிப்பு நோயோடுதான் உலகமே வியந்த ஃபீல்டராக இருந்தார். உங்களிடம் சொன்னதை மற்ற ஊழியர்களிடம் சொல்லலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் இளைஞர் குழு சார்பில் வலிப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த விரும்புகிறோம். எப்படி நடத்துவது?

பிப்ரவரி மாத இரண்டாம் திங்கட்கிழமை உலக வலிப்பு நோய் தினம். மார்ச் 26 'ஊதா நாள்'. கனடாவைச் சேர்ந்த காசிடி மேகன் என்ற 9 வயதுச் சிறுமி, தன்னைப்போன்ற பிள்ளைகள் தாம் தனியாக இல்லை என்று உணர வேண்டும் என்பதற்காக 2008-இல் தொடங்கியது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

மேடையில் ஒரு மருத்துவர் பேசட்டும், அதைவிட அதிக நேரம் வலிப்பு உள்ள ஒருவர் பேசட்டும். 'பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவோம்' என்று பதாகை எழுதாதீர்கள். அதைப் படித்துவிட்டு நாங்கள் உள்ளே வர மாட்டோம். 'காக்காய் வலிப்பு' என்ற சொல்லையும் தவிருங்கள். கால்-கை வலிப்பு என்பதுதான் வாய்வழக்கில் அப்படித் திரிந்தது என்பார்கள். ஆனால் பள்ளி நாட்களில் அதைச் சொல்லிக் கரைந்து காட்டியவர்களின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பேச்சைக் குறைத்து, பயிற்சியைக் கூட்டுங்கள். ஒருவர் தரையில் படுக்கட்டும், மற்றவர்கள் மணி பார்த்து, தலைக்கு அணை கொடுத்து, ஒருக்களித்துத் திருப்பிப் பழகட்டும். வந்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தம் கையால் செய்துவிட்டுப் போக வேண்டும். தலைக்கவசத்தைப் பற்றியும் சொல்லுங்கள். தலையில் படும் அடி, பிரசவத்தில் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு, மூளைத் தொற்று, பக்கவாதம் ஆகியவற்றைத் தடுத்தாலே வலிப்பு நோயில் கால் பங்கைத் தடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உங்களில் ஒருவர் கதவருகே அரை மணி நேரம் நின்றிருங்கள். எனக்கு 15 வயதில் இப்படி ஒரு கூட்டத்துக்கு அம்மா என்னை அழைத்துப்போனார். கேள்வி நேரத்தில் வாயே திறக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கி முடிக்கும்வரை காத்திருந்து, பேசிய மருத்துவரிடம் போய், "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு..." என்று தொடங்கிக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.