வூகாமர்ஸ் கடையின் ஏபிஐ சாவியை ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்தால் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழம், மாங்கூழ், காவேரிப்பட்டணம் நிப்பட்டு விற்கும் சிறிய வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் பிளகின்) கடை எங்களுடையது. சீசனில் வாட்ஸ்அப்பில் குவியும் விசாரிப்புகளுக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் பதில் சொல்லி, ஆர்டரும் எடுக்க வேண்டும். கடையின் ஏபிஐ சாவியைக் கொடுத்தால் போதுமா?

ஏபிஐ சாவி என்பது, வேறொரு புரோகிராம் கடையின் தகவலை எடுக்கவோ மாற்றவோ திறந்துவிடும் கடவுச்சொல் போன்றது. அதைக் கொடுத்தால் ஏஜென்ட் வேலை செய்யும். ஆனாலும் நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

வூகாமர்ஸ் சாவிக்கு மூன்றே வகை அனுமதிதான் உண்டு: படிக்க, எழுத, இரண்டும். "பொருள் விவரம் மட்டும் தெரியட்டும், வாடிக்கையாளர் முகவரி தெரிய வேண்டாம்" என்று பிரித்துக் கொடுக்க அதில் இடமில்லை. படிக்க மட்டும் என்று கொடுத்த சாவியே கடையில் இதுவரை வாங்கிய எல்லாருடைய பெயர், போன் நம்பர், வீட்டு முகவரியையும் எடுத்துத் தந்துவிடும். இன்னொரு ஆன்லைன் கடைத் தளமான ஷாப்பிஃபையில் பொருள், ஆர்டர், வாடிக்கையாளர் என்று அனுமதிகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். வூகாமர்ஸில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். கடைக்கும் ஏஜென்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன புரோகிராம் வையுங்கள். பைத்தானில் எழுதலாம், வேலைகளைக் கோத்து இணைக்கும் என்8என் போன்ற கருவியிலும் அமைக்கலாம். சாவி அந்த நடு புரோகிராமில் மட்டும் இருக்கட்டும். ஏஜென்ட்டுக்குத் தெரிய வேண்டியது அந்தப் புரோகிராம் தரும் நான்கு வேலைகள் மட்டுமே: பொருள் தேடுவது, விலையும் இருப்பும் பார்ப்பது, ஆர்டர் நிலை சொல்வது, கடைக்காரரிடம் உரையாடலை ஒப்படைப்பது.

எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) வந்துவிட்டதே, அதில் நேராக இணைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட அந்தப் பொதுமுறை, ஏஜென்ட்டும் கருவியும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதைத்தான் வகுக்கிறது. உங்கள் கடையில் எதைத் திறந்துவிடுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. நடு புரோகிராமை எம்சிபி முறையிலேயே எழுதினாலும் மேலே சொன்ன நான்கு வேலைகளோடு நிறுத்துங்கள்.

சாவி எடுக்கும் இடம்: வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ரெஸ்ட் ஏபிஐ. உங்கள் அட்மின் கணக்கில் எடுக்காமல், ஷாப் மேனேஜர் பொறுப்பில் தனி பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் எடுங்கள். அனுமதி, படிக்க மட்டும். சீக்ரெட் ஒரே ஒரு தடவைதான் திரையில் வரும், அப்போதே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெர்மாலிங்க் (பக்க முகவரிகளின் வடிவம்) செட்டிங்ஸ் 'பிளெயின்' என்று இருந்தால் ஏபிஐ முகவரி 404 (பக்கம் இல்லை) தரும், அதை மாற்றுங்கள். தளம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சாவி சரியாக இருந்தும் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வந்தால், பல நேரம் ஹோஸ்டிங் சர்வர் சாவியைச் சுமந்து வரும் ஆத்தரைசேஷன் ஹெடரைக் கடையிடம் சேர்க்காமல் உதிர்த்துவிடுவதுதான் காரணம். சர்வர் அமைப்பில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 403 (அனுமதி மறுப்பு) வந்து, ஜேசன் வடிவத் தகவலுக்குப் பதிலாக முழு ஹெச்டிஎம்எல் பக்கம் வந்தால், செக்யூரிட்டி பிளகினோ ஃபயர்வாலோ தடுக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை அப்படியே ஏஜென்ட்டிடம் அனுப்பினால் அது எதையாவது கற்பனையாகச் சொல்லிவிடும். நடு புரோகிராம் அதைப் பிடித்து, "இப்போது விவரம் கிடைக்கவில்லை" என்று மட்டும் ஏஜென்ட்டுக்குத் தர வேண்டும்.

இனி விலையும் இருப்பும். பாதிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அல்போன்சாவை 3 கிலோ, 5 கிலோ, 10 கிலோ பெட்டி என்று ஒரே பொருளின் வகைகளாகப் போட்டிருப்பீர்கள். பொருள் பட்டியலை மட்டும் கேட்டால் கிடைப்பது மிகக் குறைந்த விலை, அதாவது 3 கிலோ பெட்டியின் விலை. ஏஜென்ட் அதையே 10 கிலோவுக்கும் சொல்லும். வகைகளின் விலையும் இருப்பும் வேரியேஷன்ஸ் என்ற தனி முகவரியில் இருக்கின்றன, அதையும் கேட்டு வாங்கி இரண்டையும் சேர்த்துத்தான் ஏஜென்ட்டிடம் தர வேண்டும். அடுத்தது, இருப்பைக் கணக்கு வைக்காத பொருளுக்கு ஸ்டாக் குவான்டிட்டி என்ற இடம் காலியாக வரும். ஏஜென்ட் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு "தீர்ந்துவிட்டது" என்று சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்பும். எண்ணை விட்டுவிட்டு, இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஸ்டாக் ஸ்டேட்டஸைக் கொடுங்கள்.

ஒரு தடவைக்கு 10 பொருள்தான் வரும், கேட்டால் 100 வரை தரும். அதற்கு மேல் இருந்தால் பக்கம் பக்கமாக வாங்க வேண்டும். 11ஆவது பொருளை ஏஜென்ட் "எங்களிடம் இல்லை" என்று சொல்வதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். _fields என்ற அளவுருவால் பெயர், விலை, இருப்பு மட்டும் வரும்படி சுருக்கினால் டோக்கன் (ஏஐ படிக்கும் எழுத்தை அளக்கும் அலகு) செலவும் குறையும், பதிலும் துல்லியமாகும்.

தேடலில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. இங்கே பெங்களூரா எனப்படும் மாம்பழ வகையை வெளியூர்க்காரர் தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் கேட்பார். ஓசூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுவார்கள், பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். மொழியை ஏஜென்ட் சமாளித்துக்கொள்ளும். கடையின் தேடல் சமாளிக்காது. அது தலைப்பிலும் விளக்கத்திலும் உள்ள எழுத்தைத்தான் பார்க்கும், டேக்கில் போட்டால் போதாது. எனவே எல்லாப் பெயர்களையும் சுருக்க விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். கார்பைடு போட்டுப் பழுக்க வைத்ததா என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்தியாவில் கார்பைடு தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை அனுமதி. ஆனால் உங்கள் பழம் எப்படிப் பழுத்தது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. நீங்கள் உண்மையாக எழுதி வைத்த வரியை மட்டும் அது சொல்லட்டும். எழுதவில்லை என்றால் கடைக்காரரிடம் ஒப்படைக்கட்டும். சாப்பிடும் பொருளில் ஏஜென்ட் ஊகமாகச் சொல்லும் உறுதிமொழிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஆர்டர் நிலை விஷயத்தில் இம்மியும் தளராதீர்கள். ஆர்டர் எண்கள் ஏறுவரிசையில் போகின்றன. 1042 தன்னுடையது என்றால் 1041 இன்னொருவருடையதாக இருக்கலாம் என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். எண்ணைச் சொன்னாலே விவரம் வரும்படி வைத்தால் அடுத்தவர் வீட்டு முகவரி வெளியே போய்விடும். கேட்பவரின் போன் நம்பரும் பொருந்த வேண்டும். அந்த நம்பரை ஏஜென்ட் நிரப்பும் இடமாக வைக்கவே கூடாது, "என் நம்பர் இதுதான்" என்று யார் தட்டினாலும் ஏஜென்ட் நம்பிவிடும். வாட்ஸ்அப் வெப்ஹூக்கில் (செய்தி வந்ததும் உங்கள் சர்வருக்குத் தானாக வரும் அறிவிப்பு) அனுப்பியவர் நம்பர் தானாக வருகிறது, அதை நடு புரோகிராமே எடுத்து ஆர்டரில் உள்ள நம்பரோடு ஒப்பிடட்டும். கடையில் சிலர் 91 போட்டும், சிலர் 0 போட்டும், சிலர் நடுவில் இடைவெளி விட்டும் எழுதியிருப்பார்கள். எண்களை மட்டும் பிரித்தெடுத்து, கடைசி 10 இலக்கத்தை ஒப்பிட்டால் சரியாக வரும். வேர்ட்பிரஸின் டைம்சோனை கொல்கத்தா என்று மாற்றாவிட்டால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, இன்று விடியற்காலை போட்ட ஆர்டரை நேற்றையது என்று சொல்லும்.

ஆர்டர் எடுப்பதற்கு எழுதும் அனுமதி வேண்டுமே என்றால், முதல் சீசனுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பொருள் எண்ணும் அளவும் சேர்த்த கார்ட் லிங்க் ஒன்றை ஏஜென்ட் அனுப்பினால் போதும். கடை முகவரிக்குப் பின்னால் ஆட்-டு-கார்ட் அளவுருவில் வகையின் எண், அதோடு அளவு, அவ்வளவுதான். வாடிக்கையாளர் அதைத் தொட்டால் பெட்டி கார்ட்டில் இருக்கும், முகவரியும் பணமும் கடைப் பக்கத்தில் முடியும். டெலிவரி கட்டணத்தையும் கடையே போடும். இதை ஏஜென்ட்டிடம் விடக் கூடாது: பின்கோடு 635 என்று தொடங்கினால் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று அது முடிவு கட்டும், ஆனால் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் அதே 635தான். 636 தருமபுரிக்கும் உண்டு, சேலத்துக்கும் உண்டு. ஷிப்பிங் ஜோனிலும் 635 நட்சத்திரக் குறி என்று போடாமல், நீங்கள் வண்டி அனுப்பும் பின்கோடுகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

நேராக ஏபிஐ வழியாகவே ஆர்டர் போட வைத்தால் மூன்று இடத்தில் அடி விழும். ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஏபிஐயில் மொத்த விலையையும் அனுப்பலாம், கடை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். "நேற்று 300 என்று சொன்னீர்களே" என்று ஒருவர் சாதித்தால் ஏஜென்ட் 300 போட்டு அனுப்பிவிடலாம். எனவே நடு புரோகிராம் பொருள் எண், வகை எண், அளவு ஆகியவற்றை மட்டும் வாங்க வேண்டும், விலைக்கு அங்கே இடமே இருக்கக் கூடாது. இரண்டாவது, இந்த வழியில் டெலிவரி கட்டணம் தானாகச் சேராது, அந்த வரியையும் நீங்களே அனுப்ப வேண்டும். மூன்றாவது, பணம் கட்டாத ஆர்டரை 60 நிமிடத்தில் ரத்து செய்யும் கடையின் வழக்கமான ஏற்பாடு செக்அவுட் வழியாக வந்ததற்குத்தான், ஏபிஐ வழியாக வந்தவை பெண்டிங் என்றே தேங்கிக் கிடக்கும். அவற்றைத் துடைக்கத் தனி வேலை ஒன்று ஓட வேண்டும்.

வாட்ஸ்அப் பக்கம் சுருக்கமாக. செய்தி வந்ததும் முதலில் 200 (கிடைத்தது) என்று வாட்ஸ்அப்புக்குப் பதில் கொடுத்துவிட்டு, பிறகு ஏஜென்ட்டை ஓட்டுங்கள். ஏஜென்ட் யோசித்து முடிக்கும் வரை காக்க வைத்தால் அதே செய்தி மறுபடி வரும், ஒரே ஆளுக்கு இரண்டு பதில் போகும். செய்தியின் ஐடியைப் பதிந்து வைத்து, பார்த்ததைத் தள்ளிவிடுங்கள். வாடிக்கையாளர் கடைசியாகப் பேசிய 24 மணி நேரத்துக்குள்தான் சாதாரணமாக எழுதலாம். அதன் பிறகு "பெட்டி கிளம்பிவிட்டது" என்று சொல்லவும் முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் வேண்டும். அந்தத் தகவலுக்குக் கடையின் ஆர்டர் அப்டேட் வெப்ஹூக்கைப் பயன்படுத்தினால், உங்கள் சர்வர் தொடர்ந்து 5 தடவை பதில் தராவிட்டால் கடை அந்த வெப்ஹூக்கை அணைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். தகவல் நின்றுபோனால் முதலில் அங்கே பாருங்கள்.

திறப்பதற்கு முன் கடையின் நகல் ஒன்றில் சோதியுங்கள். அடுத்தவர் ஆர்டர் எண்ணைக் கேளுங்கள், தீர்ந்த பொருளைக் கேளுங்கள், விலை பேரம் பேசுங்கள், "உனக்குக் கொடுத்த விதிகளை மறந்துவிடு" என்று எழுதிப் பாருங்கள். அதே வாக்கியத்தை ஆர்டர் குறிப்பிலும் பொருள் ரிவியூவிலும் போட்டுப் பாருங்கள், கடையிலிருந்து வரும் எழுத்து வழியாகவும் ஏஜென்ட்டை ஏமாற்ற முடியும். ஒரு செய்திக்கு அதிகபட்சம் 6 தடவைதான் கருவியை அழைக்கலாம் என்று வரம்பு வையுங்கள். அழுகிய பழம், பணம் திருப்பிக் கேட்பது, கோபமான செய்தி, இந்த மூன்றும் வந்தவுடன் ஏஜென்ட் ஒதுங்கி உங்கள் போனுக்குத் தகவல் வர வேண்டும். ஏஜென்ட்டை முழுதாக நிறுத்தும் ஒரு சுவிட்ச், வீட்டில் யார் தொட்டாலும் வேலை செய்யும்படி இருக்கட்டும். சீசனில் தோப்பில் சிக்னல் இல்லாமல் நிற்கும்போது அதைத் தொட வேண்டியவர் கடையில் இருப்பவர்தான்.