டேட்டாபேஸ் கட்டளைக்கான என்விரான்மென்ட் வேரியபிள்களை பாஷ்ஆர்சியில் எழுதியும் ராத்திரி ஸ்கிரிப்டில் ஏன் வேலை செய்வதில்லை?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பிஎஸ்கியூஎல் கட்டளைக்கு ஒவ்வொரு தடவையும் சர்வர், போர்ட், யூசர் எல்லாம் அடிக்க வேண்டாமே என்று அவற்றை என்விரான்மென்ட் வேரியபிள்களாக (கட்டளைகள் தாமாகவே எடுத்துக்கொள்ளும், பெயரிட்ட மதிப்புகள்) பாஷ்ஆர்சியில், அதாவது டெர்மினலைத் திறக்கும்போது பாஷ் ஷெல் படிக்கும் கோப்பில், எழுதி வைத்திருக்கிறீர்கள். டெர்மினலில் ஓடுகிறது, ராத்திரி தானாக ஓடும் ஸ்கிரிப்டில் மட்டும் ஓடவில்லை என்கிறீர்கள். அந்த "ராத்திரி" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அநேகமாக அது பேக்கப் ஸ்கிரிப்டாகத்தான் இருக்கும். அப்படியென்றால் முதலில் போய் பேக்கப் கோப்பின் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றது அப்புறம்.

வேண்டியவை நான்கு: பிஜிஹோஸ்ட், பிஜிபோர்ட், பிஜியூசர், பிஜிடேட்டாபேஸ். நான்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எக்ஸ்போர்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஷெல்லோடு நின்றுவிடும், அங்கிருந்து கிளம்பும் பிஎஸ்கியூஎல்லுக்குப் போய்ச் சேராது. சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. போர்ட் 5432 என்றால் அதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பிஜிடேட்டாபேஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் யூசர் பெயரிலேயே ஒரு டேட்டாபேஸைத் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். அதைப் பார்த்துப் பயந்து போஸ்ட்கிரெஸ்ஸையே மறுபடி இன்ஸ்டால் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

பாஸ்வேர்டுக்கும் ஒரு வேரியபிள் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்கிறது, ஏனென்றால் சில சிஸ்டங்களில் ஒரு ப்ராசஸின் என்விரான்மென்ட்டை மற்ற யூசர்களும் பார்க்க முடியும். ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் பிஜிபாஸ் கோப்பில் ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்டு என்று முக்காற்புள்ளி வைத்துப் பிரித்து ஒரு வரி எழுதுங்கள். கோப்பின் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கண்டுகொள்ளாது.

இனி என் கதை. நான் மன்னார்குடிப் பக்கம். ஊரிலேயே இருந்து சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒன்று நெல் அரவை மில். யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார், எடை என்ன, ஈரம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அந்த டேட்டாபேஸில்தான். டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜிடம்ப் கட்டளையின் வெளியீட்டை, கோப்பைச் சுருக்கும் ஜிசிப்புக்கு அனுப்பி, இன்னொரு டிஸ்க்கில் தேதி போட்டுச் சேமிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கையால் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. ராத்திரி 11 மணிக்கு ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டேன். அவ்வப்போது போய்ப் பார்ப்பேன், கோப்புகள் தேதிவாரியாக வரிசையாக இருக்கும். அளவைப் பார்த்ததே இல்லை.

2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பருவம் தப்பிப் பெய்த மழை டெல்டாக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. மில்லில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒருநாள் காலை சர்வரின் ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கவில்லை. முதலாளி போன் செய்தபோது, "பயப்படாதீங்கண்ணே, பேக்கப் இருக்கு" என்றேன். போய்த் திறந்தால் எல்லாக் கோப்பும் 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிசிப் செய்தால் அந்த அளவுதான் வரும்.

நடந்தது இதுதான். கிரான் பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. பிஜியூசர் அங்கே இல்லாததால் பிஜிடம்ப் லினக்ஸ் யூசர் பெயரிலேயே உள்ளே போகப் பார்த்து, அப்படி ஒரு ரோல் (டேட்டாபேஸ் யூசர்) இல்லை என்று திரும்பிவிட்டது. அந்தப் பிழைச் செய்தியை கிரான் மெயிலில் அனுப்பும். அந்த மெஷினில் மெயிலே கிடையாது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஜிசிப் ஜெயித்ததும் எல்லாம் ஜெயித்ததாகக் கணக்கு.

கையில் மிஞ்சியது புரட்டாசியில் என் லேப்டாப்பில் எடுத்த ஒரு நகல். அதற்குப் பிறகு வந்த குறுவை நெல்லின் பாக்கி பூராவும் போயிற்று. மில் கொடுத்த எடைச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் மஞ்சள் பையில் பாலிதீன் கவர் சுற்றி எல்லாச் சீட்டையும் அடுக்கி வைத்திருந்தார். "ஒண்ணும் தொலைக்கலை தம்பி, எண்ணிப் பாத்துக்க" என்றார். மேஸ்திரி படிக்க நான் அடிக்க, நான்கு நாள் ஆனது. அந்தப் பெரியவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மில்லில் சீட்டாவது கொடுத்தார்கள். களத்துக்கே வந்து எடுக்கும் வியாபாரிகள் பலர் துண்டுக் காகிதம்கூடத் தருவதில்லை. 60 கிலோ மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்று வாய்வார்த்தையிலேயே கழித்துவிடுவார்கள். என் அப்பா அப்படித்தான் விற்றார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் பொதுவாக எடுக்க மாட்டார்கள், மழையில் காயவைக்க இடம் கிடையாது, வேறு என்ன செய்வார்? கணக்கு எழுதும் இடத்தில் இருப்பவன் அலட்சியமாக இருந்தால் அது எங்கே போய் விழும் என்று அந்த நான்கு நாளில்தான் உறைத்தது.

இதை கிளவுடில் வைத்திருக்கலாமே, டாக்கரில் போட்டிருக்கலாமே என்று சிலர் வருவார்கள். மழை வந்தால் இணையம் போய்விடும் ஊர் இது, ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் மில் அது. பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்க்காதது உன் தப்பு என்றால், ஆமாம், என் தப்புதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஸ்கிரிப்டிலேயே பாஷ்ஆர்சியை சோர்ஸ் செய்ய (அதன் வரிகளை அங்கேயே ஓட்ட) நினைக்காதீர்கள். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே, ஆள் உட்கார்ந்து அடிக்கும் ஷெல் இல்லையென்றால் திரும்பிவிடச் சொல்லும் வரிகள் இருக்கின்றன. கீழே நீங்கள் எழுதியது படிக்கப்படாது. நான்கு எக்ஸ்போர்ட் வரிகளையும் தனிக் கோப்பில் வையுங்கள். பாஷ்ஆர்சியிலிருந்தும் ஸ்கிரிப்டிலிருந்தும் அதை முழுப் பாதை கொடுத்து சோர்ஸ் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் பாஷில் ஓடட்டும், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கொள்ளும் பைப்ஃபெயிலை அதில் போடுங்கள். பிஜிடம்ப்புக்கும் முழுப் பாதை கொடுங்கள், கிரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சின்னது. சூடோ (வேறு யூசராக ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டினாலும் இந்த வேரியபிள்கள் பொதுவாக உதிர்ந்துவிடும். சோதிக்கும்போது என்வி கட்டளையை மைனஸ் ஐ சேர்த்து ஓட்டினால், ஸ்கிரிப்ட் எந்த வேரியபிளும் இல்லாமல் கிளம்பும். குறை அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படியும் பாஸ்வேர்டு கேட்டால் ஹோஸ்ட் பெயரைப் பாருங்கள். ஒரு இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்றும் பிஜிபாஸ் கோப்பில் 127.0.0.1 என்றும் எழுதியிருந்தால் பொருந்தாது. இதற்கு மேலும் ஓடவில்லை என்றால் உங்கள் கிரான்டேப் (கிரானின் அட்டவணைக் கோப்பு) வரியைக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் போடுங்கள்.