நிச்சயமான பிறகு கடனைப் பற்றிக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு நிச்சயமாகி 2 மாதம் ஆகிறது. திருமணத்துக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது. அவருக்குக் கடன் இருப்பது அவருடைய தங்கை பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. "நிச்சயம் ஆனாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, இனி எதையும் கிளறாதே" என்கிறார்கள் வீட்டில். நிச்சயம் என்றால் அப்படித்தானா?

பதில்: இல்லை அம்மா. பாதிக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. நிச்சயம் என்பது இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. அதை லேசாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்த வாக்கினாலேயே நீங்கள் மனைவி ஆகிவிடுவதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அவருடைய கடனுக்கு நீங்கள் பொறுப்பும் அல்ல.

சட்டங்களும் இதை வாக்காகவே பார்க்கின்றன. நிச்சயமானதைக் காட்டி, திருமணம் செய்தே ஆகவேண்டும் என்று வழக்குப் போட முடியாது என்கிறது ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1297ஆம் பிரிவு. அதே சமயம், தக்க காரணமில்லாமல் விலகுகிறவர், திருமணத்தை நம்பி மற்றவர் செய்த நியாயமான செலவை ஈடுகட்ட வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. இங்கிலாந்திலோ, திருமண வாக்குத் தவறியதற்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கையே 1970இல் இயற்றிய சட்டத்தால் ஒழித்துவிட்டார்கள். செலவும் பரிசும் யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தக் கேள்வி வந்தால் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இப்போது நீங்கள் பேச வேண்டியது அவரிடம். இந்த இடைக்காலம் மண்டபம் பார்க்கவும் துணி எடுக்கவும் மட்டும் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும்தான். தங்கையை நடுவில் இழுக்காதீர்கள், அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். உங்கள் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்: "என் சம்பளம் இவ்வளவு, சேமிப்பு இவ்வளவு, வீட்டுக்கு மாதம் இவ்வளவு கொடுக்கிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள், சேர்ந்து திட்டம் போடுவோம்." மொத்தக் கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, யார் பெயரில் இருக்கிறது, தவணை தவறியிருக்கிறதா, எதற்காக வாங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கையோடு எல்லாம் சொல்ல முடியாவிட்டால் ஒரு வாரம் கொடுங்கள்.

தொகையைவிட, அவர் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய கடனைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தவர்கள் நிறையப் பேர். கேட்டதும் ரசீதை எடுத்து நீட்டுகிறவரோடு கடனை அடைத்துவிடலாம். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்து, ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தொகை சொல்கிறவர் என்றால் நான் தேதியைத் தள்ளிவைக்கத்தான் சொல்வேன்.

தள்ளிவைப்பதோ நிறுத்துவதோ, முடிவு எடுத்தால் முதலில் அவரிடம் நீங்களே சொல்லுங்கள், பிறகு பெரியவர்களிடம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.