ஆசிரியர் கல்விக்கு ஒரு பல்கலைக்கழக நிறுவகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் ஆசிரியர் கல்வி ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒரு நிறுவகம் வேண்டும் என்று பழைய அதிபர்கள் சிலர் சேர்ந்து மனுக் கொடுக்க இருக்கிறோம். முதலில் காணியும் கட்டடமும் கேட்பதா? யாரிடம் கேட்பது?
– ஓய்வுபெற்ற அதிபர், உவர்மலை

பதில்: கட்டடத்தைக் கடைசியில் கேளுங்கள். கட்டடம் வந்து ஆளணி வராமல் பூட்டிக் கிடப்பதுதான் இத்தகைய முயற்சிகளுக்கு நேரும் பெரிய கேடு.

பல்கலைக்கழகத்துக்குள் துறை, மையம், நிறுவகம் மூன்றும் வெவ்வேறு. உங்கள் வளாகம் சேர்ந்திருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வி, பிள்ளைநலத் துறை ஏற்கெனவே வந்தாறுமூலையில், கலை கலாசாரப் பீடத்தின் கீழ் இயங்குகிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். ஆக, முன்மாதிரி தேடி வெளியே போக வேண்டியதில்லை. நிறுவகம் என்றால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வர வேண்டும். அதற்கு முன் முன்மொழிவு பீடச் சபை, மூதவை (கல்வி விடயங்களுக்கான சபை), பேரவை (ஆளும் சபை) என்று ஏறி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகும். விரிவுரையாளர், அலுவலர் பதவிகளுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுகிறார்கள். அனுமதித்த ஆளணி இல்லாமல் பாடநெறி தொடங்கினால் வருகைதரு விரிவுரையாளர்களை வைத்தே காலம் ஓடும். ஆய்வு என்ற பேச்சே எழாது.

எனவே முதலில் வளாகத்துக்குள் ஒரு மையமாகத் தொடங்கி, இரண்டு மூன்று தொகுதி ஆசிரியர்களைப் பயிற்றி, அந்தப் பதிவுகளோடு நிறுவகம் கேட்பது நல்ல வழி. உங்கள் மனுவில் மூன்று விடயம் கட்டாயம் இருக்கட்டும்: மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் (திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய்) எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் குறைவு என்ற பட்டியல், பயிற்சிக்கு இடம்தரச் சம்மதிக்கும் பாடசாலைகளின் பெயர், அந்த வலயப் பணிப்பாளர்களின் எழுத்துமூலச் சம்மதம். மாகாணக் கல்வித் திணைக்களம் இதே ஊரில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி.

கேள்வி: தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது, கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. இன்னொன்று எதற்கு?
– தம்பலகாமம் வாசகி

பதில்: வேலை வேறு. கல்வியியற் கல்லூரியில் உயர்தரம் முடித்தவர் இரண்டு ஆண்டு தங்கிப் படித்து, ஓராண்டு பாடசாலையில் கட்டுறு பயிற்சி செய்து ஆசிரியர் ஆகிறார். 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய கல்வி நிறுவகம் நாடு முழுவதற்குமான கலைத்திட்டத்தைப் பார்க்கிறது. ஈச்சிலம்பற்றில் நான்காம் வகுப்புப் பிள்ளை வாசிப்பில் ஏன் தடுமாறுகிறது, எந்தக் கற்பித்தல் அதை மாற்றுகிறது என்று ஐந்து ஆண்டு விடாமல் பின்தொடர்வதற்கு அருகிலேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு வேண்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு மாணவ ஆசிரியர்கள் கற்பித்தற் பயிற்சிக்கு வருகிறார்கள். மேற்பார்வையாளர் ஒருதரம் வந்து பின்வரிசையில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் புள்ளி போட்டுப் போகிறார். இதைச் சரியாகச் செய்வது எப்படி?
– ஆசிரிய ஆலோசகர், மூதூர்

பதில்: நிறுவகம் ஒன்றின் தரத்தை இந்த ஒரு இடத்திலேயே அளந்துவிடலாம். குறை பெரும்பாலும் மேற்பார்வையாளரின் அக்கறையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அதைத் தொகுதி சேர்க்கும் முன்பே போட வேண்டும்.

60 மாணவ ஆசிரியர், ஆளுக்கு 4 பார்வை என்றால் 240 பார்வை. முழுப் பாடவேளையும் இருந்து, பிறகு அரைமணி நேரம் பேசுவதானால் ஒருவர் ஒரு நாளில் இரண்டு பாடம்தான் பார்க்க முடியும். ஆக 120 நாள். பயிற்சி 10 வாரம், விரிவுரையாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வெளியே வரலாம் என்றால் ஒருவரிடமிருந்து 20 நாள். எனவே 6 பேர் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு 60 பேரைச் சேர்த்தால் அந்தப் பத்து நிமிடப் பார்வைதான் கிடைக்கும். புல்மோட்டைப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் ஒரே நாளில் ஒருவருக்கு ஒதுக்குவதும் கூடாது. பாதைவாரியாகப் பிரியுங்கள்: குச்சவெளிப் பாதைக்கு ஒருவர், கந்தளாய்ப் பாதைக்கு ஒருவர் என்று.

முதல் பார்வைக்குப் புள்ளி வேண்டாம். புள்ளி இருந்தால் மாணவ ஆசிரியர் ஏற்கெனவே நடத்திய பாடத்தையே திரும்ப நடத்திக் காட்டுவார், பிள்ளைகளும் ஒத்துழைப்பார்கள். பாடம் முடிந்தபின் பேசும்போது முதலில் அவரே பேசட்டும். பிறகு ஒன்றிரண்டு விடயம் மட்டும் சொல்லுங்கள். பன்னிரண்டு குறை எழுதிக் கொடுத்தால் ஒன்றும் திருந்தாது.

பாடசாலையில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியர்தான் இதில் முதுகெலும்பு. அவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையாவது நேரசூசியில் விடுவிப்பு வேண்டும். நிறுவகம் அவருக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க வேண்டும். இதை அதிபருடன் வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் உடன்படுங்கள். காலத்தையும் கவனியுங்கள்: நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை, தவணைப் பரீட்சை தொடங்கினால் கற்பித்தலே நடக்காது. இரண்டிலும் சிக்காத பத்து வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முதுகல்விமாணி ஆய்வுக்கு 20 வகுப்புகளில் 500 பிள்ளைகளிடம் வாசிப்புப் பரீட்சை வைக்கப் போகிறேன். தொகை போதுமா?
– ஆசிரியை, நிலாவெளி

பதில்: 500 என்பது பார்வைக்குப் பெரிய எண். ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: ஒரே ஆசிரியர், ஒரே ஊர், ஒரே புத்தகம். அதனால் 500 தனித்தனிப் பிள்ளைகள் தரும் தகவல் கிடைக்காது. வகுப்பில் 25 பேர், வகுப்புக்குள் ஒப்புமைக் குணகம் (ஒரே வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.2 என்று வையுங்கள். இந்த ஒப்புமைக்காகத் தொகையை வகுக்க வேண்டிய பெருக்கம் 1 + (25 – 1) × 0.2 = 5.8. 500 ஐ 5.8 ஆல் வகுத்தால் 86. உங்கள் கையில் உண்மையில் ஏறக்குறைய 86 பிள்ளைகளின் தகவல்தான் இருக்கும். அதற்குப் பதில் 40 வகுப்பில் 12 பேராக 480 பிள்ளைகளை எடுத்தால் பெருக்கம் 3.2, பயன்தரும் எண்ணிக்கை 150. பிள்ளைகளைக் கூட்டுவதைவிட வகுப்புகளைக் கூட்டுவதுதான் பலன். பகுப்பாய்விலும் வகுப்பை, பிள்ளைக்கு மேலுள்ள ஒரு மட்டமாகச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாத பல ஆய்வுகளில் இல்லாத வேறுபாடு இருப்பதாக முடிவு வருகிறது.

மாகாணப் பாடசாலைக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளரிடமும், தேசியப் பாடசாலைக்குக் கல்வி அமைச்சிடமும் அனுமதி வாங்குங்கள். பெற்றோர் சம்மதமும் வேண்டும். முடிவை வகுப்புவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி அந்தந்தப் பாடசாலைக்குத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்காதவருக்கு அடுத்த முறை கதவு திறப்பதில்லை, அது நியாயமும்தான்.

கேள்வி: நுண்கற்பித்தல் அறைக்கு விலைகூடிய கருவிகள் வேண்டுமா? ஒளிப்பதிவை ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: வேண்டாம். ஒரு நல்ல கைபேசி, முக்காலி, சட்டைக் கழுத்தில் செருகும் ஒலிவாங்கி போதும். பெரும்பாலும் படம் கெடுவதில்லை, ஒலிதான் கெடும். மின்விசிறி இரைச்சலில் பிள்ளைகளின் பதில் கரைந்துபோகும். பிள்ளைகள் பக்கமும் ஒரு ஒலிவாங்கி வையுங்கள். கமராவை யன்னலுக்கு முகம்காட்டி வைத்தால் ஆசிரியர் கறுப்பு நிழலாகத் தெரிவார்; யன்னலுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

நுண்கற்பித்தல் 1963 இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை. ஒரு திறன் மட்டும், 5 முதல் 10 நிமிடம், 5 முதல் 10 பேர். பார்த்துப் பேசி, திருத்தி, மீண்டும் கற்பித்தல். இடநெருக்கடியில் அந்த மீள்கற்பித்தலைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அது போனால் மிஞ்சுவது வெறும் நடிப்பு.

ஒளிப்பதிவு ஆய்வுக்கும் பயன்படும். வகுப்பறையில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பார்க்கும் ஃபிளாண்டர்ஸ் முறையில் 3 விநாடிக்கு ஒருதரம், 10 வகையில் ஒன்றாகக் குறிக்க வேண்டும்: ஆசிரியர் பேச்சுக்கு 7, மாணவர் பேச்சுக்கு 2, மௌனத்துக்கோ குழப்பத்துக்கோ 1. ஒரு 40 நிமிடப் பாடத்துக்கு 800 குறி. இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட்ட பிறகே கணக்கில் எடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பூட்டிய கணினியில் வைத்து, சம்மதப் படிவத்தில் சொன்ன காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.