கருங்கல் மாவும் கைக்கடிகாரமும்

கேள்வி: போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறேன். 6,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்மார்ட் வாட்ச், நான்கே மாதத்தில் கண்ணாடி மங்கி, பேசினால் எதிராளிக்குக் கேட்காமல், சார்ஜும் ஏறாமல் கிடக்கிறது. பெட்டியில் ‘ஐபி 68’ என்று போட்டிருந்தது. உள்ளே தூசு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். எங்கள் வேலைக்குத் தாங்கும் வாட்ச் உண்டா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: தம்பி, அவசரப்பட்டுப் புதிது வாங்கிவிடாதீர்கள். ரிக் வேலை, கல் அறுக்கும் பட்டறை, மாவு மில் என்று புழுதியில் உழைப்பவர்களின் வாட்ச்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. பின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே சுத்தமாகவே இருக்கும். கேடு வெளியில்தான்.

ஐபி 68 என்பது தூசையும் தண்ணீரையும் தாங்கும் திறனைக் காட்டும் குறியீடு. அதில் உள்ள 6, தூசு உள்ளே நுழையாது என்பதற்கான எண். அந்தச் சோதனையில் பயன்படுத்துவது டால்கம் மாவு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 1, அதாவது இருப்பதிலேயே மிருதுவானது. நீங்கள் துளைக்கும் கருங்கல்லிலோ குவார்ட்ஸ் இருக்கிறது, அதற்கு 7. சாதாரணக் கண்ணாடி 6-ஐ ஒட்டித்தான் நிற்கும். நுழையாது என்றுதான் அந்த எண் சொல்கிறது. கீறாது என்று சொல்லவே இல்லை. கல் மாவு படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறீர்கள் அல்லவா, அந்தத் துடைப்புதான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றி மாவைக் கழுவிவிட்டு, அதன் பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். சோப்பு வேண்டாம்.

மைக் துளை குண்டூசி முனை அளவுதான். வியர்வையில் குழைந்த மாவு அங்கே போய்க் காய்ந்தால் சிமென்ட் பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். கம்ப்ரசர் குழாயைப் பிடித்து ஊதவே ஊதாதீர்கள். நூற்றுக்கணக்கான பிஎஸ்ஐ அழுத்தத்தில் வரும் அந்தக் காற்று, தானாக நுழைய முடியாத தூசையும் ரப்பர் வளையத்தைத் தாண்டித் தள்ளிவிடும். தண்ணீரில் சற்று ஊறவைத்து, மிருதுவான பல் துலக்கியால் தேய்த்தாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். பின்புறச் சார்ஜ் புள்ளிகளில் வியர்வை உப்பு பச்சையாகப் பூத்திருக்கும். அதையும் இப்படியே எடுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜரில் மாட்டாதீர்கள்.

புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், திரையைவிட விளிம்பு உயர்ந்த, பித்தான் வைத்த வாட்சாகப் பாருங்கள். சஃபையர் கண்ணாடி மோஸில் 9. கீறல் விழாது, ஆனால் விலை அதிகம். அதற்குப் பதில் 150 ரூபாய்க்குள் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டி, தேயத் தேய மாற்றிக்கொள்ளலாம். துளைக்கும் ராடு சுழலும்போது மட்டும் எந்த வாட்சும் கையில் வேண்டாம். வார் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும்.

ஒன்று சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைக் கீறிய அதே மாவுதான் உங்கள் நுரையீரலுக்கும் போகிறது. வாட்ச் காட்டும் ரத்த ஆக்ஸிஜன் அளவு 97, 98 என்று இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். கல் மாவு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் அந்த எண்ணில் தெரிவதற்குள் வெகுதூரம் முற்றியிருக்கும். துளைக்கும்போது தண்ணீர் விட்டு மாவை அடக்கச் சொல்லுங்கள், துண்டை விட்டுவிட்டு முறையான முகமூடி அணியுங்கள், அரசு மருத்துவமனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சித்தாள் வேலை செய்யும் அம்மாவுக்கு என் முதல் சம்பளத்தில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தேன். மணிக்கட்டு சிவந்து புண்ணாகிவிட்டது. ரப்பர் ஒவ்வாமையா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: வாரைவிடச் சிமென்ட்டின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஈரச் சிமென்ட் சுண்ணாம்பைப் போலக் கடும் காரத்தன்மை உள்ளது. வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தோலை அரிக்கும். புண் ஆறும்வரை வாட்ச் வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறிய பிறகு, கலவை வேலை நேரத்தில் அதைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைக்கட்டும். வீட்டுக்கு வந்து கை கழுவியதும் நீங்களே கட்டிவிடுங்கள்.